மாப்பிள்ளையின் பதினேழாவது பிரிவு

நான் இன்றுவரை ஒரு வீடியோ கேமைக்கூட முழுதாக ஆடி முடித்ததில்லை. வலது கட்டைவிரல் ஒரு பக்கமும் இடது கட்டைவிரல் இன்னொரு பக்கமும் போக வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் போகும். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருந்தும் ஒரு பொம்மையைக்கூடப் பள்ளத்தில் விழாமல் தாண்டவைத்தது கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீரபாண்டியன் சார். கம்பெனியின் விசாரணை அதிகாரியாகச் சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். மீனலோசனி என்றொரு பெண்மணி காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கம்பெனிக்கு என்னதான் செய்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நீங்கள் சிவகங்கைக்காரர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதிக் கவலை விட்டது. நம்ம பக்கத்து ஆள் என்றால் பேசுவது சுலபம்.

புகார் சின்னதுதான். வெங்கட்ராமன் என்கிற ஊழியரை நான் வேலைக்கு எடுத்தபோது விண்ணப்பப் படிவத்தில் பன்னிரண்டாம் கட்டம் காலியாக இருந்திருக்கிறது. ‘வேலைக்கு எடுப்பவருக்கு உறவா?’ என்று கேட்கிற கட்டம். அதன் கீழே பொடி எழுத்தில் நான்கு வரி இருப்பதாக வாசித்துக் காட்டினீர்கள். உறவை அறிந்தே மறைத்திருந்தால் அந்த நியமனம் செல்லாது, போட்ட ஒப்பந்தம் முழுதும் முதல் நாளிலிருந்தே இல்லாததாகிவிடும் என்று என்னவோ நீளமாகப் போயிற்று. நான் அப்போது முறுக்கு டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொடி எழுத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்களே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு. சாப்பிடுங்கள், காலையில் சுட்டதுதான்.

அந்தக் கட்டம் ஏன் காலியாக இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு வரியில் சொன்னால் மறதி என்று எழுதிக்கொள்வீர்கள். எனக்கு மறதி கிடையாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கம்பெனி ஒரு பெட்டி விற்கிறது. டி.வி.யோடு இணைத்து கேம் ஆடுகிற பெட்டி. விலை ஐம்பதாயிரத்துக்கு மேல். பெட்டிக்காக யாரும் பெட்டி வாங்குவதில்லை. வேறெங்கும் கிடைக்காத ஒரு கேம் அதில் மட்டும் கிடைத்தால் வாங்குவார்கள். எதிர்க்கம்பெனியின் பெட்டிக்கும் இதே கதைதான். ஆகவே நல்ல கேம் எங்கே முளைக்கிறது என்று மோப்பம் பிடித்து, எதிராளி கைக்குப் போவதற்குள் ‘இது எங்கள் பெட்டிக்கு மட்டும்’ என்று எழுதி வாங்கிவிட வேண்டும். தென்னிந்தியாவில் அப்படி எழுதி வாங்குகிற வேலை என்னுடையது.

அதற்குச் சில வழிகள் உண்டு. கேம் செய்கிறவர்களின் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிடலாம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, பாதி வேலையில் கை காய்ந்திருக்கும் சமயம் பார்த்து முன்பணம் கொடுத்து, ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேறு யாருக்கும் தரக் கூடாதென்று நிபந்தனை போடலாம். அதற்கும் மசியாதவர்களுக்கு விளம்பரம். வெளிநாட்டுக் கண்காட்சியில் பெரிய திரையில் உன் கேமைத்தான் முதலில் காட்டுவோம் என்றால் சாமியாரே மசிந்துவிடுவார். அப்படியும் அசையாதவர்களுக்கு நம் இன்ஜினியர்களை அனுப்பி உதவி செய்ய வேண்டும். உதவி செய்து செய்து, கேம் நம் பெட்டியின் பொத்தானுக்கும் அதிர்வுக்கும் பழகி, வேறு எதிலும் ஓடாமல் முரண்டு பிடிக்கிற அளவுக்கு உதவி செய்ய வேண்டும். எல்லாம் சட்டப்படிதான். கல்யாணம் பேசுவதைவிட இதில் பொய் குறைவு.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றின் மாடியில் இரண்டு பெண்கள் கேம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒருத்தி மெய்யம்மை. எங்கள் நகரத்தார் வீட்டுப் பெண்தான், அப்போது இருபத்தாறு வயது. புரோகிராம் முழுதும் அவள் எழுதியது. இன்னொருத்தி சத்தியப்பிரியா, தேவகோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். படம் வரைவதும் ஒலிப்பதிவும் அவள்.

கேமின் பெயர் ‘உள்ள போங்க’. காரைக்குடியிலிருந்து ரஸ்தா நிறுத்தம் வழியாகத் தேவகோட்டை போகிற டவுன் பஸ்ஸில் நீங்கள்தான் கண்டக்டர். தேவகோட்டை வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்திருக்க வேண்டும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களைப் பிரித்துவிட வேண்டும். ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி ஒருவர் எட்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார். திருக்கோஷ்டியூரில் வேண்டிக்கொண்டு எடுத்துவந்த விளக்கைப் புடவைத் தலைப்பில் பொத்திக்கொண்டு ஒரு அம்மா ஏறுவார். அவர்மேல் யாரும் இடிக்காமல் கூட்டத்தை நகர்த்த வேண்டும். கொலை இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் நான் பார்த்த அன்றைக்கு, என்னோடு வந்த பெங்களூர் இன்ஜினியர் மூன்று மணி நேரம் அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. இதை விடக் கூடாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதில் பேசுகிற குரல்கள் எல்லாம் அசல். சத்தியப்பிரியா தினமும் வருகிற பஸ்ஸில் பயணிகளையே பேசவைத்துப் பதிந்திருக்கிறாள். மொத்தம் நூற்று நாற்பது பேர். கண்டக்டர் குரல், அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் பெரியகருப்பன். முழங்கால் வலியோடு முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே பயணம் செய்த மனிதர். நான் போன அன்று அவரும் மாடிக்கு வந்திருந்தார். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். சொன்னேன்.

“அப்ப என் குரல நான் கேக்கணும்னா ரெண்டு மாசச் சம்பளம் ஆகும்” என்றார் சிரித்துக்கொண்டே.

“நீங்க எதுக்கு இத வாங்குறீக? ஒரு வருசம் பொறுத்துக்கங்கண்ணே. உங்க போன்லயே வரும். குரல் குடுத்த அத்தனை பேருக்கும் வரும். நான் சொன்னாச் செய்வேன்” என்றாள் மெய்யம்மை.

சும்மா வாய் வார்த்தை என்று நினைத்தேன். அது தவறு. ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது புரிந்தது. நாற்பத்திரண்டு பக்கம். இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி சத்தமாக வாசிக்க இன்னொருத்தி குறுக்குக் கேள்வி கேட்க, இரண்டு நாள் படித்தார்கள். மதுரையிலிருந்து வக்கீல் வைத்து மூன்றாம் முறையும் படித்தார்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நான் பதமாக ஒளித்துவைத்திருந்த ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை மெய்யம்மை அடித்துவிட்டு, ‘பன்னிரண்டு மாதம்’ என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள். அதற்குப் பிறகு போனுக்கும், யார் கேட்டாலும் அவர்கள் பெட்டிக்கும். அன்றைக்கே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

கேம் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியதை நீங்கள் அறிவீர்கள். பின்லாந்தில் ஒரு பையன் “சில்லறையா குடுங்க” என்று கத்துகிற வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பன்னிரண்டு மாதத்தோடு இதை விட்டுவிட முடியாது, ஏதாவது புதுமையாக யோசியுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் யோசனை, அதில் யாருக்கும் பங்கில்லை.

முதலில் வழக்கமான வழிகளையே பார்த்தேன். கம்பெனியை விற்கிறாயா என்றேன். உங்கள் கம்பெனி என்ன விலை என்று திருப்பிக் கேட்டாள். இன்னொரு வருடத்துக்கு இரட்டிப்பு என்றேன். பெரியகருப்பன் அண்ணனிடம் சொல்லிவிட்டேனே என்றாள். இன்ஜினியர்களை அனுப்பி, ரஸ்தா வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும்போது நம் பெட்டியின் கைப்பிடி மட்டும் குலுங்குகிற மாதிரி செய்துகொடுத்தோம். அது இல்லாமல் இனி கேமே ருசிக்காது என்று நம்பியிருந்தோம். இரண்டே நாளில் சாதாரண போனையும் அதேபோலக் குலுங்கவைத்துக் காட்டி, எங்கள் இன்ஜினியருக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

நான் அமைதியாக யோசித்துப் பார்த்தேன். நீட்டுகிற எந்தக் காகிதத்தையும் படித்துவிடுகிற பெண் இவள். அப்படியானால் இவள் படிக்காத காகிதம் எது?

விடை ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. என் சித்தப்பா பேத்தி கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானைப் பரப்பி வைத்து, பட்டியலை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் ஜல்லிக்கரண்டி பட்டியலில் ஆறு, கீழே ஐந்து. அந்த ஒரு கரண்டிக்காக இரண்டு வீட்டாரும் அரை மணி நேரம் நின்றார்கள். கோயில் வேறுதானா என்று மூன்று பேர் விசாரித்தார்கள், ஒரே கோயில் என்றால் எங்களில் பங்காளிகள், கட்டக் கூடாது. நட்சத்திரப் பொருத்தம் நான்கு சோசியரிடம் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளை என்ன வேலை என்று நான் கேட்டேன். “அமெரிக்காவுல கம்ப்யூட்டரு” என்றார்கள். எந்தக் கம்பெனி, என்ன நிபந்தனை, எத்தனை வருடம், யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையிடம் வேலை உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்பது எங்களில் மரியாதைக் குறைச்சல். ஜல்லிக்கரண்டியை எண்ணலாம், அதை எண்ணக் கூடாது.

அந்த ஜல்லிக்கரண்டிக்கு நான் கடமைப்பட்டவள்.

பிறகு மாப்பிள்ளை பார்க்க வேண்டியதாயிற்று. வேறு கோயில்காரனாக இருக்க வேண்டும். சாதுவாக இருக்க வேண்டும். வீடியோ கேம் என்றால் உயிராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெய்யம்மை திரும்பிப் பார்க்க மாட்டாள். நம் கம்பெனியில் வேலை பார்க்க வேண்டும். முதல் மூன்றும் பொருந்துகிற பையன் ஒருவன் எனக்குத் தெரிந்து இருந்தான். நல்ல குடும்பம். அப்பச்சி, அதாவது தகப்பனார், கோலாலம்பூரில் ஹோட்டல் வைத்திருக்கிறார், வருடம் ஒருமுறை வருவார். ஆத்தாவை எனக்கு ஐம்பத்திரண்டு வருடமாகத் தெரியும். நான்தான்.

ஆமாம், புகாரில் எழுதியிருக்கிற உறவு சரி. வெங்கட்ராமன் என் மகன். சென்னையில் ஒரு பேங்க்குக்கு சாஃப்ட்வேர் எழுதிச் சோர்ந்துபோய்க் கிடந்தான். ஆறு வயதிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை, கேம் செய்கிற கம்பெனியில் வேலை. காரைக்குடியிலிருந்தே பார்க்கலாம், கேமில் இருக்கிற கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று ஒப்பந்தத்தை நீட்டினேன். அவன் கண் கலங்கிவிட்டது. “ஆத்தா, நீங்களே எனக்கு இதப் பண்ணிட்டீகளே” என்று சொல்லிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நான் நீட்டுகிற எதையும் அவன் படிக்க மாட்டான். நல்ல வளர்ப்பு.

அந்த ஒப்பந்தத்தில் பதினேழாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊழியரின் மனைவி கேம் உருவாக்குகிறவராக இருந்தால், அந்தக் கேம் வேறு எந்தப் பெட்டியிலும் போனிலும் வரக் கூடாது. வந்தால் ஊழியருக்கு அன்றே வேலை போகும். ஐந்து வருடத்துக்கு இந்தத் தொழிலில் வேறெங்கும் சேர முடியாது.

நீங்கள் உங்கள் பையிலிருக்கிற மாதிரி ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். அதில் இருக்காது, சார். கம்பெனி ஒப்பந்தத்தில் பதினாறு பிரிவுகள்தாம். பதினேழாவது நான் எழுதியது.

வேலையில் சேர்ந்ததும் ‘உள்ள போங்க’ கேமைத்தான் அவனுக்குக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு கோளாறு கண்டுபிடித்து, முனீஸ்வரன் கோயில் தெரு மாடிக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். கண்டக்டர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பஸ் பின்னோக்கியே தேவகோட்டை வரைக்கும் போகிறது என்பது அதில் ஒன்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கீழே கடைவரைக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அதை என் கணக்கில் எழுத வேண்டாம். நான் செய்ததை மட்டும்தான் நான் ஒப்புக்கொள்ள முடியும்.

பெண் கேட்டுப் போனோம். மெய்யம்மையின் ஆத்தா விசாலத்துக்கு வாயெல்லாம் பல். மெய்யம்மையின் அப்பச்சிதான் கொஞ்சம் விவரமானவர். மாப்பிள்ளையின் வேலைக் காகிதத்தை ஒரு பார்வை பார்க்கலாமா என்று இழுத்தார். விசாலம் அவரை அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், “மாப்பிள்ளைக்கிட்டப் போயி ஆர்டரக் காட்டுங்கன்னா நல்லாவா இருக்கும்? நம்மள என்ன நெனப்பாக?” என்று கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நானே கூப்பிட்டு, கைப்பையிலிருந்து எடுத்துச் சம்பளம் போட்டிருக்கிற முதல் பக்கத்தை நீட்டினேன். அவர் கூச்சப்பட்டுப்போய், அதையும் சரியாகப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மெய்யம்மை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஆச்சி, ஒண்ணே ஒண்ணு. நீங்க கம்பெனி ஆளு. இந்தக் கல்யாணத்துனால என் கேமுக்கு ஒண்ணும் வில்லங்கம் வராதுல்ல?”

“என் மகனக் கட்டிக்கிறதுல ஒனக்கு என்னத்தா வில்லங்கம்?” என்றேன்.

கவனியுங்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். கேள்வியைப் பொய் என்று எந்தச் சட்டத்திலும் சொல்ல முடியாது. அவள் சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று இரண்டு வீட்டாருக்கும் இடையில் இசைகுடிமானம் எழுதுகிற வழக்கம் எங்களில் உண்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று இரண்டு பக்கமும் இசைந்து எழுதிக்கொள்கிற ஒப்பந்தம். மணப்பெண் அதை வாங்கிப் படித்து யாரும் பார்த்ததில்லை. மெய்யம்மை வாங்கிப் படித்தாள். மாலையும் கழுத்துமாக நின்று வரிக்கு வரி படித்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையே அத்தை, எல்லாம் பேருதான்” என்று திருப்பிக் கொடுத்தாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டாவது மாதம் முடிந்தது. போனில் வருவதற்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தாள். அன்றைக்குத்தான் பெரியகருப்பனுக்குக் கடைசி ட்ரிப். முழங்கால் இனி தாங்காதென்று வேலையை விடுகிறார். பஸ்ஸில் எல்லோரும் போனைத் தயாராக வைத்திருப்பது, ரஸ்தா தாண்டியதும் பஸ்ஸிலும் வீட்டிலுமாக நூற்று நாற்பது பேர் போனிலும் அவர் குரல் ஒரே நேரத்தில் கேட்பது என்று சத்தியப்பிரியா ஏற்பாடு செய்திருந்தாள். எனக்கும் ஜன்னல் சீட் பிடித்துவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டில், ரசம் ஊற்றிவிட்டு, மெய்யம்மையின் இலைக்குப் பக்கத்தில் ஒப்பந்தத்தை வைத்தேன். பதினேழாவது பிரிவில் ஒரு காகிதத் துண்டைச் செருகியிருந்தேன், தேடச் சிரமப்படக் கூடாதே. அவள் இடது கையால் எடுத்துப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு வெங்கட்டிடம் நீட்டினாள். அவன் தன் கையெழுத்துக்கு மேலே இருப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, அப்பளம் எடுக்கப் போய்விட்டேன்.

“இத எழுதுனது நீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“சரிங்க ஆச்சி” என்றாள். அத்தை என்று நான்கு மாதம் கூப்பிட்டவள், அன்றிலிருந்து மறுபடியும், ஊரார் கூப்பிடுகிற மாதிரி, ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் முழுச் சுதந்திரம் உள்ள பெண். பொத்தானை அழுத்தினால் கேம் போனில் வந்துவிடும். வெங்கட்டின் வேலை போகும், அவன் ஆறு வயதிலிருந்து ஆசைப்பட்ட தொழிலில் ஐந்து வருடம் கால் வைக்க முடியாது, அவ்வளவுதான். புருஷனின் ஆசையைத் தன் கையால் அழிக்கிற பெண் அவள் இல்லை. அதை முதல் நாளே பார்த்துத்தான் அவளை மருமகளாக்கினேன்.

அவள் பொத்தானை அழுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் போய், இப்போதைக்கு வராது என்று அவளே சொன்னாள். பெரியகருப்பன், “அதுக்கென்ன தாயி, குரல் எங்கிட்டத்தான இருக்கு” என்றார். நானும் போயிருந்தேன். கூட்டத்தில் அவர் என் பக்கம் வந்து, எல்லோரிடமும் சொல்வதைப் போலவே, “உள்ள போங்க ஆச்சி, அங்குட்டு எடம் கெடக்கு” என்று சொல்லி, டிக்கெட்டைக் கிழித்து, பாக்கிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தார். அதை எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெட்கம் என்று சொல்லலாம். ரஸ்தாவிலேயே இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்வதென்றால் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் கம்பெனியில் எனக்கு விருது கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்தது, அதோ டி.வி. மேல் இருக்கிறது. எந்த வழியில் முடித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. உறவுகளைப் பேணுவதில் மீனலோசனிக்கு நிகரில்லை என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு சண்டை கிடையாது. மெய்யம்மை எனக்கு நேரத்துக்குக் காப்பி போட்டுத் தருகிறாள். படிக்கிற பழக்கம் மட்டும் முற்றிப்போய்விட்டது. கேஸ் புத்தகம், மிக்சி வாரண்டி அட்டை, எதையும் விடுவதில்லை. போன மாதம், வெங்கட் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகல் இருக்கிறதா என்று கேட்டாள். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரன் சம்பந்தப்பட்ட காகிதங்களை எடுத்துப் பத்திரமாக அடுக்குகிற மருமகள் எத்தனை பேருக்கு வாய்க்கும்? வெங்கட்டும் இப்போது கலகலப்பாகிவிட்டான். தினமும் தேவகோட்டைக்குப் போய்ச் சத்தியப்பிரியாவோடு உட்கார்ந்து எதையோ சோதித்துக்கொண்டிருக்கிறான். “இந்த வேல போனா இன்னொண்ணு ஆத்தா, மெய்யம்மை கம்பெனியில கோளாறு பாக்க ஆள் வேணுமாம்” என்று கேலி வேறு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பத்து நாளில் உங்களுக்கு இந்த மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. யார் எழுதியதென்று எனக்குத் தெரியவில்லை. பொறாமைக்காரர்கள் எங்கும் உண்டு. ஆனால் ஒன்று சொல்வேன், பிரிவு எண், கட்ட எண், பொடி எழுத்து எல்லாம் ஒரு பிழை இல்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆளைக் கண்டுபிடித்தால் சொல்லுங்கள், என் பிரிவில் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டாம் கட்டத்தை நான் மறக்கவில்லை. அதில் ‘மகன்’ என்று எழுதியிருந்தால் ஒப்பந்தத்தை எழுதுகிற பொறுப்பு சென்னைக் குழுவுக்குப் போயிருக்கும். அவர்கள் பதினாறு பிரிவோடு நிறுத்தியிருப்பார்கள். பதினேழாவதை நான் எழுத வேண்டுமென்றால் அந்தக் கட்டம் காலியாக இருந்தாக வேண்டும். வெங்கட் பேனாவை எடுத்து அதை நிரப்பப் போனபோது, அதை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் நான்தான். ஆகவே, உறவு என்று அறிந்தே, வேண்டுமென்றேதான் விட்டேன். இத்தனை வேலைப்பாட்டையும் மறதி என்று எழுதினால் எனக்குத்தான் அவமானம்.

அதிகம் போனால் எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும், தெரியும். வாங்கி விருதுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். எனக்கு வேறு வேலை கிடக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பையன் தறி நெய்கிற கேம் ஒன்று செய்கிறானாம், அருமையாக இருக்கிறதென்கிறார்கள். என் மகள் அக்ஷராவுக்கு இந்தப் பங்குனியோடு படிப்பு முடிகிறது. பையன் எந்தக் கோயில் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? அந்தப் பொடி எழுத்து நான்கு வரியைத்தான் கடைசிப் பத்தியில் போட்டிருக்கிறேன், அதையாவது படித்துவிடுங்கள் என்று இரண்டாம் முறையாகச் சொல்கிறீர்கள். வேண்டாம், சார். நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறீர்கள். நம்ம பக்கத்து ஆளை நம்பாமல் யாரை நம்புவது? பேனாவைக் கொடுங்கள்.

அதோ, மெய்யம்மை காப்பி கொண்டுவருவாள் என்று பார்த்தால் மடிக்கணினியைத் திறந்த வாக்கில் ஏந்திக்கொண்டு, ஏதோ பொத்தான்மேல் விரலை வைத்தபடி வந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வெங்கட். தேவகோட்டைக்காரி சத்தியப்பிரியாவும் வந்திருக்கிறாள், கையில் போன். அந்தப் போனிலிருந்து பெரியகருப்பன் குரல் கேட்கிற மாதிரி இருக்கிறது, எனக்குத்தான் பிரமையோ என்னவோ.

“சார், ஆச்சி கையெழுத்துப் போட்டாகளா?” என்று மெய்யம்மை உங்களைக் கேட்கிறாள்.

போட்டாகிவிட்டது என்று சொல்லுங்கள். பாவம், மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். என்மேல் இவர்களுக்கு எவ்வளவு அக்கறை, பார்த்தீர்களா?